சம்பந்தி பார்க்கும் பக்கம்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காகிதப்பூவின் கடைசி இதழும் முடிந்தது. நூலை அறுத்துவிட்டு, துணி மாட்டிய எம்பிராய்டரி வளையத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். என் கையா இது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பச்சைக் கம்பிக் கேட், அதன் மேல் சரிந்து விழும் ராணி கலர் காகிதப்பூ, பின்னால் கொஞ்சம் சுவர், ஒரு ஜன்னல். பொள்ளாச்சியில் என் மகள் மிருதுளா வாழப்போகும் வீட்டின் வாசல். ஜூனில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது செல்போனில் எடுத்த படத்தை வைத்துப் போட்டது. நிச்சயதார்த்தத்தன்று சீர்த்தட்டில் வைத்து மாப்பிள்ளையின் அம்மா கையில் கொடுக்கப் போகிறேன். அவர்கள் வாசலையே அவர்களுக்குச் சீராகக் கொடுப்பது என் யோசனை. நல்ல யோசனை. வீட்டில் வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு வளையத்தைத் திருப்பினேன்.

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர், அவருக்கு எல்லாம் வயராகத்தான் தெரியும். "ஏம் மங்கை, இதுல கரண்ட் குடுத்தா ஊடே பத்திக்கும்" என்றார்.

சிரிக்கிற விஷயமில்லை. இங்கே முடிச்சு, அங்கே முடிச்சு, ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு சோம்பலில் இழுத்த நூல், எங்கே போவது என்று தெரியாமல் தொங்கும் வால்கள். "சுவத்துல மாட்டப் போறது. பின்னாடி யாரு பாக்கப் போறா?" என்று கேட்டார். யார் பார்ப்பார் என்று அவருக்கே தெரியும்.

மாப்பிள்ளையின் அம்மா சௌந்தரம் அம்மாள் தையல் டீச்சர். போன வருடம்தான் ஓய்வு பெற்றார். ஜூனில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது மிருதுவின் கையில் இருந்த கைக்குட்டையை வாங்கினார். நான் பூப்போட்டுக் கொடுத்த கைக்குட்டை. முன்பக்கத்தை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. நேராகத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவி, "முடிச்சுப் போட்டிருக்காங்க. முடிச்சே போடாம நூலை ஒளிக்கோணும்" என்றார். யார் போட்டது என்று கேட்கவுமில்லை. பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் காதைப் பார்த்துப் பேசினார். காபியை அவரே ஊற்றினார், ஆள்காட்டி விரலை டம்ளருக்குள் விட்டுக்கொண்டு! தையல் டீச்சருக்கு அவ்வளவு சுத்தம் போதும் போல.

அந்த வீட்டில்தான் என் மகள் காலமெல்லாம் இருக்கப் போகிறாள். அவளுடைய அம்மா அரைகுறை என்று அந்த அம்மாள் வாயால் வரக் கூடாது. ஆடி முடிந்து ஆவணியில் நிச்சயம். அதற்குள் இந்தப் பின்பக்கத்தை மூடியாக வேண்டும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

துணியை வளையத்திலிருந்து கழற்றி, படம் வரைந்த பேனாக் கோடு போகும்வரை அலசி, நிழலில் உலர்த்தி, டர்க்கி டவலின் மேல் குப்புறப் போட்டு இஸ்திரி போட்டேன். குப்புறப் போட்டால்தான் பூ நசுங்காதாம். வீடியோவில் ஒரு பெண் சொன்னாள். எனக்கு இந்த வேலையை யாரும் சொல்லித் தரவில்லை. மிருது கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போன மறு வாரம் செல்போனைப் பார்த்து ஆரம்பித்தது. நாள் முழுக்கத் தபால் ஆபீஸ் கவுண்டரில் முத்திரை குத்திவிட்டு வந்தால் சாயந்திரம் கைக்கு மெல்லிய வேலை ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். வீடு அமைதியாக இருக்கிறது என்பதெல்லாம் காரணமில்லை.

ராத்திரிக்கு உப்புமா.

ஆகஸ்ட் 8, வியாழன்

துணியை மறுபடி வளையத்தில் ஏற்றி, திருகை முடுக்கி, சுற்றிலும் இரண்டு விரல்கடை விட்டு மிச்சத்தை வெட்டினேன். வெட்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். குறைந்துவிட்டால் போச்சு, ஒட்ட வைக்க முடியாது. பிறகு அந்த ஓரத்தில் ஓட்டுத் தையல் ஓட்டி நூலை இழுத்தால் துணி சுருக்குப் பை மாதிரி பின்னால் கூடிக்கொள்கிறது. இதைச் செய்து முடித்ததும் எனக்குக் கைதட்ட ஆள் இல்லாததால் கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். "ஓரமெல்லாம் சரியாப் போச்சு. நடுவுல அந்த வயரு அப்படியே இருக்குதே" என்றார்.

கடையிலிருந்து பசைத் துப்பாக்கி கொண்டுவந்தார், மேலே ஒரு அட்டையை ஒட்டிவிட்டால் முடிந்தது என்று. நல்லவேளை, வெட்டிப்போட்ட துண்டில் முதலில் போட்டுப் பார்த்தேன். பசை முன்பக்கம் வரை ஊறி எண்ணெய் பட்ட பஜ்ஜிக் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன்.

தைத்துத்தான் மூட வேண்டும். கத்தரித்தாலும் நூல் பிரியாத தடிமன் துணி ஒன்று இருக்கிறது. கடையில் ஃபெல்ட் என்கிறார்கள். அதை வட்டமாக வெட்டி விளிம்பில் காஜா தையல் போட வேண்டுமாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சம்பந்தி வீட்டிலிருந்து குரல் செய்தி. அந்த அம்மாள் எழுத்தில் ஒன்றும் அனுப்ப மாட்டார், எல்லாம் குரல்தான். டைப் அடிக்கும் அளவுக்கு நாம் பெரிய ஆள் இல்லை போலிருக்கிறது. நிச்சயப் பத்திரிகையின் மாதிரியை அனுப்பியிருந்தேனே, அதற்குப் பதில்: "சசி பாத்துட்டான், அது போதுங்க." அவர் பெயருக்கு முன்னால் இனிஷியல் எழுத்து மாறியிருந்ததை நானே கண்டுபிடித்துத் திருத்தினேன். சொந்தப் பெயரைக்கூடப் படித்துப் பார்க்காத அலட்சியத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. கோயம்புத்தூரில் நிச்சயப் புடவை எடுத்தோம். எங்கள் பக்கம் நான், என் வீட்டுக்காரர், மிருது. அவர்கள் பக்கம் சசிதரனும் அவன் அம்மாவும். சசிதரனின் அப்பா இல்லை, அவன் படிக்கும்போதே தவறிவிட்டார். சசியும் மிருதுவும் ஒரே ஆபீஸ். அவர்களே பேசிக்கொண்டு, அவர்களே வீட்டில் சொன்னது. பையனைக் குறை சொல்ல முடியாது, நானும் முயன்று பார்த்துவிட்டேன்.

மாடிப்படி ஏறும்போது அந்த அம்மாள் மிருதுவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்வரை விடவில்லை. மருமகளாக வருவதற்கு முன்பே கையைப் பிடித்தாயிற்று. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

புடவைகளை விரித்துப் போட்டார்கள். அவர் ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முந்தானையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்து, "இதுல சரிகை குத்துதுங்க. புள்ள நாள் பூரா கட்டீட்டு உக்கோரோணும்" என்று ஒதுக்கினார். அடுத்தது "கஞ்சி சாஸ்தி." மூன்றாவதைத் தடவிவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"கலரு நீங்க பாத்துச் சொல்லுங்க சம்பந்தி" என்றார் என் காதிடம். "பெத்தவங்க கண்ணுக்குத் தெரியாததுங்களா?"

நாளைக்கு நிறம் நன்றாக இல்லை என்று யாராவது சொன்னால் பழி என் மேல் விழட்டும் என்ற திட்டம். எனக்கா புரியாது! நல்ல மாம்பழ மஞ்சளாகப் பார்த்து எடுத்தேன். புடவை பூப்போல இருந்தது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த விரல்களுக்கு விஷயம் தெரியும்.

வெளியே வந்து ஜூஸ் குடிக்கும்போது, "உங்ககிட்டத் தனியா ஒண்ணு பேசோணுங்க" என்று ஆரம்பித்தார். என்னவோ என்று காத்திருந்தேன். ஜூஸை முழுசாகக் குடித்தார். "வெயில் அதிகமுங்க இந்த வருசம்" என்று முடித்துக்கொண்டார். இதற்கா தனியாக?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஃபெல்ட் வாங்கினேன், சாம்பல் நிறம். முதல் வட்டத்தை வெளி வளையத்தின் மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டிவிட்டேன். தொப்பி மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. உள் வளையத்தை வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும். இரண்டாவது வட்டம் கச்சிதமாக உட்கார்ந்தது.

மடியில் வைத்துத் தைக்க ஆரம்பித்தேன். கை ஓடியது. பாட்டு வேறு போட்டிருந்தேன். வாசலில் மணி அடித்தது, சிலிண்டர் வந்திருக்கிறது. எழுந்தால் வளையமும் கூடவே எழுந்தது. ஃபெல்ட்டையும் வளையத்தையும் என் சேலையையும் சேர்த்து அழகாகத் தைத்து வைத்திருக்கிறேன். ஒரே அளவு, ஒரே இடைவெளி, இதுவரை போட்டதிலேயே சிறந்த தையல். வயிற்றில் வளையம் தொங்கத் தொங்கப் போய்க் கதவைத் திறந்தேன். சிலிண்டர்காரர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மரியாதையான மனிதர்.

பிரித்தேன்.

ஆகஸ்ட் 24, சனி

மிருது வந்தாள். அவளுக்குப் பிடிக்கும் என்று பச்சைப்பயறு கடைந்தேன். சாப்பிட்டுவிட்டு வளையத்தை எடுத்துப் பார்த்தாள். முன்பக்கத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "மா, இது அத்தை வீட்டுக் கேட்டு" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். ரொம்ப நாளைக்கப்புறம் கிள்ளுகிறாள். இன்னொரு பாராட்டுக்காக ஃபெல்ட்டையும் எடுத்துக் காட்டினேன்.

முகம் மாறிவிட்டது. "இதை வெச்சு மூடாதம்மா."

"ஏன்?"

"சும்மாதான். பின்னாடி தெரியட்டுமே. அத்தை பின்பக்கம்தான் பாப்பாங்க."

"அதுக்காகத்தான்டி மூடறேன்!"

"அம்மா, சொன்னாக் கேளு. அப்படியே குடு. ப்ளீஸ்."

"ஏங்கண்ணு, உங்கம்மா மானத்தைச் சபையில வாங்கறதுல உனக்கு அவ்வளவு ஆசையா?"

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். "என்னமோ பண்ணு" என்று மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது கீழே கேட்டது. "நீங்களே சொல்லீருங்க அத்தை" என்பது மட்டும் காதில் விழுந்தது. என்ன, என் பிடிவாதத்தைப் பற்றிப் புகார். இன்னும் தட்டுகூட மாற்றவில்லை, அதற்குள் கட்சி மாறியாயிற்று.

எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 28, புதன்

மிருது போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. காஜா தையல் பாதி வட்டம் ஆயிற்று.

ஆகஸ்ட் 31, சனி

முடிந்தது! சேலையைத் தவிர்த்து, மேசை மேல் வைத்து, ஒவ்வொரு தையலுக்கும் நகத்தால் அளவு பார்த்துப் போட்டேன். சாம்பல் நிற ஃபெல்ட், சுற்றிலும் கரும்பச்சையில் காஜா தையல், மேலே திருகில் மாட்டுவதற்கு நாடா. பின்பக்கம் இப்போது முன்பக்கத்தை விட அழகு. எந்த டீச்சர் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கட்டும். ஒரு முடிச்சு, ஒரு வால் கண்ணில் படாது.

என் வீட்டுக்காரர் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தார். "சுவிட்ச் போர்டுக்கு மூடி போட்டாப்பல இருக்குது" என்றார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

மிருது வந்து சேர்ந்தாள். வளையத்தைப் பார்த்தாள். மருதாணி வைத்துக்கொள்ள உட்கார்ந்தாள். நான்தான் வைத்துவிட்டேன். இரண்டு பேரும் மருதாணியைப் பற்றி மட்டும் பேசினோம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

மண்டபம் சின்னது, சொந்தமும் என் ஆபீஸ் ஆட்கள் சிலரும் மட்டும். தட்டு மாற்றி, பத்திரிகை வாசித்து, மிருது மாம்பழ மஞ்சளில் வந்து உட்கார்ந்ததும் தாம்பாளத்திலிருந்து வளையத்தை எடுத்துச் சௌந்தரம் அம்மாள் கையில் கொடுத்தேன். எதிர்பார்த்தபடியே உடனே திருப்பினார். விரல்கள் ஃபெல்ட்டின் மேல் போயின. ஓரம் வரை போய்ச் சுற்றி வந்தன.

"காஜா ஒரே அளவு" என்றார். "நல்லா முடிச்சிருக்கீங்க சம்பந்தி."

சபையில், எல்லோரும் கேட்க! இந்த ஒரு வார்த்தைக்குத்தானே ஒரு மாதமாகப் பாடுபட்டேன். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. கட்டைவிரல் மட்டும் ஃபெல்ட்டை அழுத்தி அழுத்தித் தேடிக்கொண்டிருந்தது.

என் பெரிய நாத்தனார் செல்லாத்தாளால் எந்த இடத்திலும் சும்மா இருக்க முடியாது. வளையம் வீட்டில் இருந்தபோதே பார்த்துவிட்டவர். "அதெல்லாஞ் செரி, முன்னாடி திருப்பிப் பாருங்க. எந்த ஊடுன்னு சொல்லுங்க பாக்கலாம்!" என்று சத்தமாகக் கேட்டார். எல்லோரும் சிரித்துக்கொண்டு கழுத்தை நீட்டினார்கள். இந்த நிமிஷத்துக்காகத்தான் நானும் காத்திருந்தேன்.

அவர் முன்பக்கம் திருப்பினார். படத்தைப் பார்த்துச் சிரித்தார். "ரொம்ப அழகா இருக்குதுங்க" என்றார்.

"அழகு இருக்கட்டும், எந்த ஊடு?"

"ஏதோ கோயிலுங்களா?"

சிரிப்பு நின்றது. செல்லாத்தாள் பக்கத்தில் இருந்தவளிடம், "சொந்த ஊட்டுக் கேட்டே தெரியலையாக்கும்" என்றார். அவர் முணுமுணுத்தால் மூன்று வரிசைக்குக் கேட்கும்.

எனக்குச் சுருக்கென்று கோபம்தான் முதலில் வந்தது. ஊசி குத்திக் குத்தி விரல் ஓட்டையாகப் போட்ட படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட மனமில்லையே! முறைப்பதற்காகத்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் பயம் இருந்தது. பக்கத்தில் மிருது, புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு, அழுதுவிடுபவள் போல என்னையே பார்த்தாள். கூட்டத்தில் அவ்வளவு பேர் இருக்க என்னை மட்டும் பார்த்தாள்.

டம்ளருக்குள் விரல். படிக்கட்டில் பிடித்த முழங்கை. தேய்த்துப் பார்த்த புடவை. படிக்காத பத்திரிகை. எல்லாம் ஒரே நேரத்தில் என் தலையில் வந்து விழுந்தன. அட மங்கையர்க்கரசி, உனக்குக் கண் இருந்து என்ன பிரயோசனம்!

என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. வளையத்தை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன். "இருங்க இருங்க, இதுல இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்குது" என்று மணமகள் அறைக்கு ஓடினேன். மேக்கப் பெட்டியில் பிளேடு இருந்தது. பத்து நாள் தையல், பிரிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஃபெல்ட்டைக் கட்டிலில் எறிந்துவிட்டு வெளியே வந்து, சபைக்குப் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"தப்பு என்மேலங்க. தையல் டீச்சர் கைல குடுக்கறதை மூடிக் குடுத்தா எப்படி மார்க் போடுவாங்க? டீச்சர் கோச்சுக்கிட்டாங்க, அதான் தெரியாத மாதிரி இருக்காங்க. இந்தாங்க டீச்சர், பாத்துப் போடுங்க."

"அய்யய்யோ, என்ன மங்கை இது, காக்காக் கூடா?" என்று செல்லாத்தாள் கத்தினார். சபை குலுங்கிச் சிரித்தது. என் ஆபீஸிலிருந்து வந்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். முகம் சூடானது, ஆனாலும் நான் நகரவில்லை.

அவர் விரல்கள் உள்ளே இறங்கின. முடிச்சுகளைத் தொட்டு, நின்று, வழி தேடி, மெதுவாக நகர்ந்தன.

"இது நேர்க்கம்பிங்க... ஒண்ணு, ரெண்டு, நெறைய. மேல கூரா முடியுது. இங்க பூ. அய்ய, இந்தப் பூவுல இருந்து அந்தப் பூவுக்கு நூலை இழுத்திருக்கீங்க, எனக்கு வழி தப்பிப் போச்சு. இருங்க..." விரல் திரும்பி வந்தது. "கேட்டுங்களா? காகிதப்பூ அந்தப் பக்கமில்ல இருக்கோணும்?" சட்டென்று நின்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அட, நான் பின்னாடியில்ல பாக்கறேன்! ஏனுங் சம்பந்தி, இது என்ர ஊட்டு வாசலுங்களா!"

யாரோ கைதட்டினார்கள். அது என் வீட்டுக்காரர்தான். விஷயம் புரிந்து தட்டினாரா, பந்திக்கு நேரமாகிவிட்டது என்று தட்டினாரா தெரியாது.

"மார்க்கு?" என்றேன்.

"முப்பத்தஞ்சு. பாஸ்" என்றார். சபை மறுபடியும் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவர் கை என் கையைத் தேடிக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டது. "தெரிஞ்சுக்கிட்டீங்களா?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"எதைங்க?" என்றேன். கையை விடவில்லை.

பந்தி முடிந்து மணமகள் அறையில் மிருது எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு வருடமாகக் கண்ணின் நடுவில் மறைப்பு. ஓரத்தில்தான் கொஞ்சம் தெரியுமாம், அதுவும் சாம்பலாக. நேராகப் பார்த்தால் ஆள் மறைந்துவிடுவார்களாம், அதனால்தான் காதைப் பார்ப்பது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையலை முன்பக்கம் தொட்டால் அழுக்காகிவிடும் என்று காலமெல்லாம் பிள்ளைகளைத் திட்டியவர், அதனால் இப்போதும் பின்பக்கம்தான் தொட்டுப் பார்ப்பாராம். தையல் டீச்சர் திருப்பிப் பார்த்தால் யாருக்கும் சந்தேகமும் வராது.

"கண்ணு தெரியாத மாமியாருக்குக் கைப்பிடிக்கத்தான் பொண்ணெடுக்கறாங்கன்னு பேச்சு வரும், அது உனக்கு வேண்டாங் கண்ணுன்னு எங்கிட்டச் சொன்னாங்க மா. உங்கிட்ட மட்டும் அவங்களே சொல்றேன்னாங்க. ஜவுளிக்கடைக்கு அதுக்குத்தான் வந்தாங்க. வாய் வரல."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். பெற்றவளிடம் மறைக்கலாமா என்று கேட்டேன். மருமகளுக்குக் கஷ்டம்தானே என்றும் கேட்டேன். "நான் தெரிஞ்சுதாம்மா சரின்னேன்" என்றாள். குரல் நடுங்கவில்லை. இவள் எப்போது இவ்வளவு பெரியவள் ஆனாள்? கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் மருதாணிக் கை என் முதுகில் இருந்தது.

அவர்கள் கிளம்புவதற்கு முன் ஃபெல்ட்டை எடுத்து, மேலே மட்டும் நான்கு தையல் போட்டுக் கொடுத்தேன். தூசி படியாது. வேண்டும்போது மூடி மாதிரித் தூக்கிக்கொள்ளலாம். சௌந்தரம் அம்மா தூக்கியும் மூடியும் பார்த்தார். "இது எந்த வீடியோவுலயும் வந்திருக்காதுங்க" என்றார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன். குரல் செய்தி இல்லை, நேராகவே பேசினார்.

"கூடத்துல மாட்டியாச்சுங்க. போக வரத் தூக்கித் தூக்கிப் பாக்கறேன். எல்லாம் கைக்குக் கெடைச்சுருச்சு. கலரு மட்டும் கெடைக்கல. கொஞ்சம் சொல்றீங்களா?"

மிச்ச நூலை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனேன். பூ ராணி கலர் என்றேன். இளசா, முத்தினதா என்று கேட்டார். மேலே இளசு, கீழே போகப்போக முத்தல், நடுவில் ஒரு இழை வெள்ளை என்று சொன்னேன். இலை இரண்டு பச்சை. கேட் ஒரே பச்சை, புதுக்குடம் மாதிரிப் பளிச்சென்று.

"என்ர கேட்டு நீலமுங்களே" என்றார்.

செல்போனில் இருந்த படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சைதான். சந்தேகமே இல்லை. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். விரலாலேயே வாசலைக் கண்டுபிடித்த ஆளிடம் அது நடக்காது.

"பச்சைங்க" என்றேன்.

"போன வருசம் சசி பெயிண்ட் அடிச்சான். வாசம் வந்துச்சு. பழைய நீலத்தையேதான் அடிச்சிருப்பான்னு இருந்துட்டேன். அவனுஞ் சொல்லல, நானுங் கேக்கல." பிறகு சிரித்தார். "வரட்டும் இன்னிக்கு, இருக்குது அவனுக்கு! ஏனுங் சம்பந்தி, நெசமாச் சொல்லுங்க. பச்சை நல்லா இருக்குதுங்களா?"

அந்த ராணி கலர் பூவுக்குப் பச்சைதான் எடுப்பு, நீலமாக இருந்தால் பூ அமுங்கிப் போயிருக்கும், போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள் என்று சொன்னேன். அத்தனையும் உண்மை.

"அப்படிங்களா" என்றார். குரலிலேயே முகம் தெரிந்தது. "செரி, ஜன்னலு என்ன கலருங்க?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.